பதக்கம் வரும்போது வரட்டும், முதலில் கம்பு சுற்றுவோம்

(காரைக்குடியில் கோடைகாலச் சிலம்பப் பயிற்சியின் நிறைவு நாளில், மாணவ மாணவியரிடமும் பெற்றோரிடமும் கல்லூரி மாணவியான சிலம்ப வீராங்கனை ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)



ஒரு கேள்வியோடு ஆரம்பிக்கிறேன். கம்பு சுற்றும்போது நீங்கள் கடைசியாக எப்போது சிரித்தீர்கள்?

அவசரம் இல்லை, யோசித்துப் பாருங்கள். மேடையில் கோப்பை வாங்கும்போது சிரித்ததைக் கேட்கவில்லை. அது போட்டோவுக்குச் சிரிப்பது. சாயங்காலம் பொட்டலில் கம்பு கைநழுவி விழும், எதிரே நிற்கிற கூட்டாளி "போச்சுடா!" என்று கத்துவான், இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரிப்பீர்களே, அதைத்தான் கேட்கிறேன். கற்றுக்கொண்ட முதல் வருஷம் அது நிறைய இருந்திருக்கும். போட்டிக்குப் போக ஆரம்பித்த பிறகு கொஞ்சம் குறைந்திருக்கும். மாநில அளவுக்குத் தேர்வான பிறகு? முன்வரிசையில் சில பேர் தலையைக் குனிந்துகொள்கிறீர்கள். பரவாயில்லைங்க. இன்றைக்கு அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

நானும் உங்களைப் போல மாணவிதான். இதே காரைக்குடியில் உடற்கல்வி படிக்கிறேன். ஆறாம் வகுப்பிலிருந்து சிலம்பம். ஒற்றைக் கம்பு வீச்சுக்கும் தொடுமுறைக்கும் போட்டிகளுக்குப் போகிறேன், இனியும் போவேன். ஆகவே "போட்டியே வேண்டாம்" என்று சொல்ல வரவில்லை. போட்டிக்குப் போகிற பிள்ளைக்கு விளையாட்டின் ருசி எப்படிக் குறைகிறது, அதை எப்படித் திரும்பக் கொண்டுவருவது, இவ்வளவுதான் என் பேச்சு.

கம்புக்கு வந்த மரியாதை

முதலில் நல்ல செய்தி. நம் அப்பா, தாத்தா காலத்தில் கம்பு சுற்றினால் "படிக்கிற பிள்ளைக்கு இது எதுக்கு?" என்று கேட்பார்கள். இன்றைக்கு நிலைமை அப்படி இல்லை. தமிழ்நாடு அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு இருக்கிற 3 விழுக்காடு ஒதுக்கீட்டுக்கான விளையாட்டுகளில் சிலம்பமும் சேர்ந்திருக்கிறது. முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்குச் சிலம்பம் உண்டு. 2024 ஜனவரியில் சென்னை, மதுரை, திருச்சி, கோவை ஆகிய நான்கு நகரங்களில் கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகள் நடந்தபோது, சிலம்பம் முதல்முறையாகக் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. அந்தப் போட்டியில் தமிழ்நாடு 38 தங்கம் உட்பட 98 பதக்கங்களோடு நாட்டிலேயே இரண்டாவது இடம் பிடித்தது.

அந்தப் போட்டியின் சின்னம் யார் தெரியுமா? வீரமங்கை. நம்ம சிவகங்கைச் சீமை ராணி வேலு நாச்சியார். 1772-ல் காளையார்கோவில் போரில் கணவர் முத்துவடுகநாதரை இழந்தவர், திண்டுக்கல் பக்கம் விருப்பாச்சியில் தங்கிப் படை திரட்டி, 1780-ல் சீமையை மீட்டவர். குதிரையேற்றம், வில், வாள், சிலம்பம் எல்லாம் சின்ன வயதிலேயே பழகியவர் என்று படித்திருக்கிறோம். இந்த மாவட்டத்தில் ஒரு பெண்பிள்ளை கம்பை எடுத்தால் "உனக்கு எதுக்கும்மா?" என்று கேட்க யாருக்கும் வாய் வராது.

இவ்வளவு மரியாதை வந்திருக்கிறது. சந்தோஷம்தான். ஆனால் மரியாதையோடு சேர்ந்து இன்னொன்றும் வந்துவிட்டது. அதுதான் கணக்கு. எத்தனை பாயிண்ட், எத்தனை சான்றிதழ், எந்த லெவல், கோட்டாவுக்கு ஆகுமா ஆகாதா? பிள்ளை பொட்டலுக்குப் போகும்போதே இந்தக் கணக்கும் கூடவே போகிறது.

தினமும் ஐந்தொகை போட்டால்

செட்டிநாட்டில் பிறந்த நமக்குக் கணக்கைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பர்மாவிலும் மலாயாவிலும் கடை வைத்திருந்த காலத்திலிருந்து நகரத்தார் கணக்கு என்றால் தனிப் பெயர். பேரேடு எழுதுவார்கள், கணக்கு முடிக்கும்போது ஐந்தொகை போடுவார்கள். லாபமா நஷ்டமா, கையில் எவ்வளவு, வெளியில் எவ்வளவு என்று மொத்தமாகப் பார்ப்பதுதான் ஐந்தொகை. ஆனால் ஒன்றைக் கவனிங்க. ஐந்தொகையை யாரும் தினமும் போட மாட்டார்கள். தினமும் போட்டால் வியாபாரம் யார் பார்ப்பது?

நாம் பயிற்சியில் அதைத்தான் செய்கிறோம். ஒவ்வொரு சாயங்காலமும் ஐந்தொகை. இன்றைக்கு நேற்றைவிட வேகமா? அந்தப் பள்ளிக்கூடத்துப் பொண்ணை இந்தத் தடவை தாண்டிடுவேனா? வீடியோ எடுத்து மெதுவாக ஓட்டிப் பார்த்து, குறை கண்டுபிடித்து, ராத்திரி அதை நினைத்துத் தூக்கம் கெட்டு, மறுநாள் பள்ளிக்கூடம்.

பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும்போது எனக்கு அப்படித்தான் இருந்தது. அடி எதுவும் படவில்லை. ஆசான் திட்டவில்லை. வீட்டில் யாரும் தடுக்கவில்லை. கம்பு அதேதான், பொட்டல் அதேதான். ஆனால் சாயங்காலம் ஐந்து மணியானால் காலில் கல்லைக் கட்டினமாதிரி இருக்கும். மழை பெய்தால் நிம்மதியாக இருக்கும். அப்போதுதான் எனக்குத் தோன்றியது: நமக்குப் பிடித்த விளையாட்டு நடக்கவில்லை என்றால் வருத்தம்தானே வரணும், நிம்மதி ஏன் வருது?

உங்களில் யாருக்காவது மழை வந்தால் நிம்மதி வருகிறதா? அப்படியென்றால் இனி சொல்வதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள்.

சான்றிதழும் படம் வரைகிற குழந்தைகளும்

இதற்கு ஒரு பழைய ஆராய்ச்சி இருக்கிறது. உடற்கல்வி படிப்பில் உளவியல் பாடத்தில் எங்களுக்குச் சொல்லித்தந்தது. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்து மழலையர் பள்ளியில் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் என்ற மூன்று பேர் செய்து 1973-ல் வெளியிட்டார்கள்.

கலர் பேனாவால் படம் வரைவதில் ஆசையுள்ள குழந்தைகளாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். மூன்று குழுவாகப் பிரித்தார்கள். முதல் குழுவிடம், "படம் வரைந்தால் தங்க முத்திரையும் ரிப்பனும் வைத்த சான்றிதழ் தருவோம்" என்று முன்னாடியே சொல்லி வரையச் சொன்னார்கள். இரண்டாவது குழுவிடம் எதுவும் சொல்லாமல் வரையவிட்டு, முடிந்ததும் அதே சான்றிதழைக் கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்குச் சான்றிதழே கிடையாது, சும்மா வரைந்தார்கள்.

ஒன்றிரண்டு வாரம் கழித்து வகுப்பில் மறுபடி கலர் பேனாவை வைத்தார்கள். விருப்பம் இருந்தால் வரையலாம், இல்லாவிட்டால் வேறு விளையாடலாம். இரண்டாவது, மூன்றாவது குழுக் குழந்தைகள் போய் ஆசையாக வரைந்தார்கள். சான்றிதழுக்காக வரைந்த முதல் குழு? மற்றவர்கள் வரைந்த நேரத்தில் ஏறத்தாழ பாதி நேரம்தான் வரைந்தார்கள். பிடித்த வேலை, சம்பளத்துக்குச் செய்கிற வேலை மாதிரி ஆகிவிட்டது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது இரண்டாவது குழுவைத்தான். அவர்களுக்கும் அதே சான்றிதழ்தான் கிடைத்தது. ஆனால் ஆசை குறையவில்லை. ஏனென்றால் வரையும்போது அவர்கள் மனதில் படம் மட்டும்தான் இருந்தது. ஆக, சான்றிதழ் கெட்டது இல்லைங்க. கம்பு சுற்றுகிற நேரத்தில் அது கண்முன்னாடி தொங்கிக்கொண்டே இருப்பதுதான் ஆகாது.

ஜப்பான்காரர்களிடம் ஒரு பாடம்

இந்தப் பிரச்சினை சிலம்பத்துக்கு மட்டும் உள்ளது இல்லை. உங்களில் சில பேர் ஜூடோ போகிறீர்கள். ஜியு ஜிட்சு என்று ஒரு மல்யுத்தக் கலை, யூடியூபில் பார்த்திருப்பீர்கள். ஜப்பானில் பிறந்த பழைய கலை. அதிலிருந்து ஜிகோரோ கானோ என்ற ஆசிரியர் 1882-ல் டோக்கியோவில் கொடோகன் என்ற பயிற்சிக்கூடத்தைத் தொடங்கி ஜூடோவை உருவாக்கினார். அவருடைய பள்ளியில் பயின்ற மிட்சுயோ மயேடா 1914-ல் பிரேசில் போய்ச் சேர்ந்தார். அவர் கற்றுக்கொடுத்தது அங்கே பிரேசிலியன் ஜியு ஜிட்சு என்று வளர்ந்து, இன்று உலகம் முழுக்கப் பரவியிருக்கிறது. 2018-ல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஜியு ஜிட்சு முதல்முறையாகச் சேர்க்கப்பட்டது.

அந்தக் கலையில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. இரண்டு பேர் தரையில் உருண்டு பிடிபோடுகிறார்கள். ஒருத்தர் கை முழுசாக மாட்டிக்கொண்டது, இனி மீள முடியாது. உடனே அவர் எதிராளியின் உடம்பிலோ தரைவிரிப்பிலோ கையால் இரண்டு மூன்று முறை தட்டுவார். அவ்வளவுதான், பிடி விட்டுவிடும். இரண்டு பேரும் கையைக் கொடுத்துக்கொண்டு மறுபடி ஆரம்பிப்பார்கள். ஒரு சாயங்காலத்தில் பத்துத் தடவை தட்ட வேண்டி வந்தாலும் யாரும் குறித்து வைப்பதில்லை. "தோற்றேன்" என்று யாரும் வீட்டுக்குப் போய்ச் சொல்வதும் இல்லை. தட்டுவது பயிற்சியில் ஒரு பகுதி, மூச்சு விடுகிற மாதிரி.

கானோவும் இதற்காகவே ரண்டோரி என்று ஒன்றை வைத்தார். நடுவர் இல்லாத, பாயிண்ட் இல்லாத, இரண்டு பேர் சேர்ந்து இஷ்டம்போல் முயன்று பார்க்கிற பயிற்சி. எதிரே நிற்பவர் எதிரி இல்லை, நம்மை வளர்க்கிற கூட்டாளி. இரண்டு பேரும் சேர்ந்து முன்னேற வேண்டும் என்பது அவர் அடிக்கடி வலியுறுத்திய கொள்கை.

விளையாட்டுத்தனமாகப் பழகினால் திறமை குறையுமே என்று பெற்றோர் நினைக்கலாம். நேர்மாறுங்க. கணக்கு பார்த்துக்கொண்டே பழகுகிற பிள்ளை, தனக்கு நன்றாக வருகிற நாலு அடியைத்தான் திரும்பத் திரும்பப் போடும். புதுசாக ஒன்று முயன்றால் தவறும், தவறினால் பாயிண்ட் போகும் என்று பயம். கணக்கு இல்லாத இடத்தில்தான் புது அடி பிறக்கும். போட்டியில் எதிராளி எதிர்பார்க்காத அடி எதுவோ, அது பெரும்பாலும் இப்படி விளையாடும்போது கிடைத்ததாகத்தான் இருக்கும்.

நாளையிலிருந்து செய்யக்கூடியவை

சரி, ருசி எப்படித் திரும்ப வரும்? எனக்குப் பலன் தந்த ஆறு வழிகளைச் சொல்கிறேன். எல்லாமே செலவில்லாதவை.

ஒன்று, வாரத்தில் ஒரு நாள் கணக்கில்லாத நாள். அன்றைக்கு விசில் இல்லை, ஸ்டாப்வாட்ச் இல்லை, வீடியோ இல்லை. போன் பைக்குள் இருக்கட்டும். நாம் போனைப் பார்க்காவிட்டாலும், யாரோ நம்மைப் படம் எடுக்கிறார்கள் என்று தெரிந்தாலே உடம்பு இறுகிவிடும். ஆசானிடம் முன்னாடியே சொல்லி ஒரு நாளை ஒதுக்கிக்கொள்ளுங்கள். பெரும்பாலான ஆசான்கள் சந்தோஷப்படுவார்கள், அவர்கள் பழகிய காலமே அப்படித்தான்.

இரண்டு, பூச்சுக் கம்பு. அந்தக் காலத்தில் கம்பு நுனியில் கரி, சாம்பல் மாதிரி ஒட்டுகிற பொடியைப் பூசிக்கொண்டு விளையாடுவார்கள். யார் உடம்பில் பொட்டு அதிகமோ அவர் தோற்றார். நீங்கள் சாக்பீஸ் பொடியைத் தண்ணீரில் குழைத்துப் பூசிக்கொள்ளுங்கள். தலைக்கவசம், மார்புக் கவசம் போட்டுக்கொண்டு, முகத்தைத் தொடாமல், பாதி வேகத்தில் விளையாடுங்கள். முடிந்ததும் ஒருத்தர் சட்டையை ஒருத்தர் பார்த்தால் சிரிப்பு தானாக வரும். இதில் ஒரு படிப்பும் இருக்கிறது. என் சட்டையில் எப்போதும் இடது தோளில்தான் பொட்டு அதிகம். என் காவல் எங்கே திறந்து கிடக்கிறது என்பதை எந்த வீடியோவும் அவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

மூன்று, கை மாற்றுவது. வலது கைக்காரர் இடது கையில் ஆரம்பியுங்கள். மாநில அளவில் வென்ற அண்ணனும் போன மாதம் சேர்ந்த தம்பியும் அப்போது கிட்டத்தட்ட ஒன்றுதான். மறுபடி புதுசாகக் கற்றுக்கொள்கிற சுகம் அதில் இருக்கிறது.

நான்கு, மோசமான இடத்திலிருந்து ஆரம்பிப்பது. இது ஜியு ஜிட்சுக்காரர்களிடம் கடன் வாங்கியது. அவர்கள் வேண்டுமென்றே மாட்டிக்கொண்ட நிலையில் இருந்து பயிற்சியை ஆரம்பிப்பார்கள். நாமும் செய்யலாம். முதுகுக்குப் பின்னால் சுவர், கையில் பாதி நீளக் கம்பு, அல்லது ஒரு முட்டி தரையில். எப்படியும் அடி வாங்கத்தான் போகிறோம் என்று தெரிந்துவிட்டால் தோற்கிற பயம் போய்விடும். தப்பித்தால் பெரிய சந்தோஷம்.

ஐந்து, சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது. எனக்கு ருசி திரும்ப வந்தது இதில்தான். "ஒரு மாசம் நீ பழக வேண்டாம், புதுசா வந்த வாண்டுகளுக்குக் காலடி சொல்லிக்கொடு" என்றார் என் ஆசான். ஏழு வயசுப் பையன் ஒருத்தன், கம்பு அவனைவிட உயரம். சுற்றும்போதெல்லாம் காலில் தட்டி விழும். விழுந்தால் அழமாட்டான், "அக்கா, இப்போ பாருங்க" என்று மறுபடி எடுப்பான். அவனுக்குப் பாயிண்ட் என்றால் என்னவென்றே தெரியாது. பத்து நாளில் அவனுக்கு ஒரு சுற்று முழுசாக வந்தது. அன்றைக்கு அவனைவிட நான்தான் அதிகம் குதித்தேன்.

சொல்லிக்கொடுப்பதைப் பற்றி நம் மண்ணில் ஒரு வரலாறே உண்டு. ஜேம்ஸ் வெல்ஷ் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி தன் நினைவுக் குறிப்புகளை 1830-ல் புத்தகமாகப் போட்டார். ஈட்டி எறியவும் வளரி வீசவும் தனக்கு முதன்முதலில் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருது என்று அதில் எழுதியிருக்கிறார். பிறகு 1801-ல் போர் வந்தது. வெல்ஷ் கும்பெனிப் படையில் நின்று மருதிருவரை எதிர்த்தார். அந்த வருஷம் அக்டோபர் 24 அன்று நம் பக்கத்துத் திருப்பத்தூரில் மருதிருவரைத் தூக்கிலிட்டார்கள். எதிர்ப்படையில் நின்ற மனிதர் முப்பது வருஷம் கழித்தும் மறக்காமல் எழுதினார் என்றால், கற்றுக்கொடுத்த அந்தப் பொழுதுகள் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஒருத்தருக்கு ஒரு வித்தையைச் சொல்லிக்கொடுத்தால் அது அவ்வளவு தூரம் நிற்கும்.

ஆறு, போட்டியில் இல்லாத ஒன்றைக் கற்றுக்கொள்வது. போட்டிக்கு வேண்டியது கொஞ்சம்தான், சிலம்பம் கடல். துடுக்காண்டம், குறவஞ்சி, மறக்காணம், நாகதாளி, பனையேறி மல்லு என்று எத்தனை வகை! உங்கள் ஆசானுக்குத் தெரிந்ததில் போட்டிக்கு உதவாத ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். திருவிழாவில் மேளத்துக்கு ஏற்றபடி கம்பு சுற்றிப் பாருங்கள். நடுவர் யாரும் இல்லை, ஊர்ச்சனம்தான் நடுவர். அங்கே கைதட்டல் வாங்குவது வேறு சுகம்.

பெற்றோரிடம் கொஞ்சம்

அப்பா அம்மாக்களே, உங்களிடம் இரண்டு விஷயம் உரிமையோடு சொல்கிறேன்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. தமிழ்நாட்டில் 38 மாவட்டம். ஒரு பிரிவுக்கு மாவட்டத்துக்கு ஒருத்தர் என்று வைத்துக்கொண்டால்கூட, மாநிலப் போட்டிக்கு 38 பேர் போவார்கள். முதலிடம் ஒருத்தருக்குத்தான். மாவட்டத்திலேயே சிறந்தவர்கள் 37 பேர் முதலிடம் இல்லாமல்தான் பஸ் ஏறுவார்கள். முதலமைச்சர் கோப்பையில் மாநில அளவில் தனிநபர் போட்டிகளுக்கு முதல் பரிசு 1 லட்சம், இரண்டாம் பரிசு 75 ஆயிரம், மூன்றாம் பரிசு 50 ஆயிரம் ரூபாய் கொடுக்கிறார்கள். நல்ல உற்சாகம்தான். ஆனால் அந்தப் பணத்தையும் வேலையையும் மட்டும் நம்பிப் பிள்ளையைப் பொட்டலுக்கு அனுப்பினால், மீதிப் பேர் எல்லாம் வெறுங்கையோடு வந்த மாதிரி ஆகிவிடும். கம்பு பிடித்திருந்தால், தோற்ற பிள்ளையும் திங்கட்கிழமை பொட்டலுக்கு வரும். பத்து வருஷம் வரும். அந்தப் பத்து வருஷத்தில் கிடைக்கிற உடல்பலமும் தைரியமும் யாராலும் பறிக்க முடியாதது.

இரண்டாவது, பயிற்சி முடித்து வந்ததும் "எத்தனை பாயிண்ட்?" என்று கேட்காதீர்கள். "இன்னைக்கு என்ன புதுசா செஞ்ச?" என்று கேளுங்கள். தோற்று வந்த நாளில் எதுவும் கேட்காமல் முதலில் சோறு போடுங்கள். அதுபோதும்.

இன்னொன்று. எந்தச் சான்றிதழ் வாங்கினாலும் அரசு வேலைக்கு ஆகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எந்த நிலைப் போட்டி, எந்த அமைப்பு நடத்தியது, என்ன இடம் பிடித்தது என்பதைப் பொறுத்துத்தான் தகுதி. பெரிய பெரிய பெயர் வைத்து, கட்டணம் கட்டியவர்களுக்கெல்லாம் கோப்பை கொடுக்கிற போட்டிகளும் நடக்கின்றன. ஆயிரக்கணக்கில் பணம் கட்டுவதற்கு முன்னால், சிவகங்கையில் இருக்கிற மாவட்ட விளையாட்டு மற்றும் இளைஞர் நலன் அலுவலரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்பதற்குக் காசு இல்லை.

ருசி போவது ஒரு அறிகுறியாகவும் இருக்கலாம்

எல்லா அலுப்பும் கணக்கினால் வருவது இல்லை. சில நேரம் உடம்பு சொல்கிற செய்தியாக இருக்கும். மணிக்கட்டு, தோள், முழங்கால் வலி இரண்டு வாரமாகப் போகவில்லை என்றால் எண்ணெய் தேய்த்து மறைக்காதீர்கள். அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போய்க் காட்டுங்கள்.

எடைப் பிரிவுக்காகச் சாப்பாட்டையும் தண்ணீரையும் குறைக்கிற பழக்கம் நம் பிள்ளைகளிடம் வந்திருக்கிறது. வளர்கிற வயதில் இது வேண்டவே வேண்டாம். ஒரு கிலோவுக்காகப் பட்டினி கிடப்பதைவிட மேல் எடைப் பிரிவில் விளையாடுவது எவ்வளவோ மேல். தங்கைகளே, சரியாகச் சாப்பிடாமல் கடுமையாகப் பயிற்சி செய்து மாதவிடாய் தள்ளிப்போனால், "போட்டி நேரம், நல்லதாப் போச்சு" என்று நினைக்காதீர்கள். அம்மாவிடம் சொல்லி டாக்டரைப் பாருங்கள்.

மனசு தொடர்ந்து பாரமாக இருந்தால், தூக்கம் வரவில்லை என்றால், 14416 என்ற எண்ணுக்கு இலவசமாகப் பேசலாம், மனநல ஆலோசகர்கள் இருக்கிறார்கள். பயிற்சி என்ற பெயரில் யாராவது அடித்தாலோ, அவமானப்படுத்தினாலோ, தப்பாக நடந்துகொண்டாலோ, 18 வயதுக்குட்பட்ட யாரும் 1098-ஐக் கூப்பிடலாம். உங்களுக்காகக் கூப்பிடலாம், உங்கள் தோழிக்காகவும் கூப்பிடலாம். ஆசானுக்கு மரியாதை வேறு, கொடுமையைப் பொறுத்துக்கொள்வது வேறு.

போனுக்கும் ஒரு வேலை

போனைப் பைக்குள் வையுங்கள் என்றேன். அதற்காக அது வேண்டாத பொருள் இல்லை. கணக்கு வேலை முழுவதையும் அதனிடம் கொடுத்துவிடுங்கள், அதுவும் எப்போதாவது ஒரு நாள்.

முதலமைச்சர் கோப்பை அறிவிப்பு வந்ததும், தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். இதுவரை பள்ளிப் பிரிவு 12 முதல் 19 வயது, கல்லூரிப் பிரிவு 17 முதல் 25 வயது என்று வைத்திருக்கிறார்கள். அந்த வருஷத்து அறிவிப்பில் பிறந்த தேதி வரம்பை ஒருமுறை சரிபாருங்கள். ஆதார், பள்ளியில் வாங்கும் படிப்புச் சான்று, வங்கிப் பாஸ்புக் முதல் பக்கம் ஆகியவற்றைத் தயாராக வையுங்கள். கடைசி நாள்வரை காத்திருந்தால் இணையதளம் மெதுவாகும், நமக்குத்தான் படபடப்பு. நம் ஆசான்கள் பலருக்கு இதெல்லாம் பழக்கமில்லை. நீங்கள் கம்பு கற்றுக்கொள்கிறீர்கள், பதிலுக்கு அவருக்குப் போனில் படிவம் நிரப்பிக் கொடுங்கள். நல்ல குருதட்சணை!

வாங்கிய சான்றிதழ்களைப் படமெடுத்து டிஜிலாக்கரில் பதிவேற்றி வைத்துக்கொள்ளுங்கள். மழையில் நனைந்தாலும் வீடு மாறினாலும் பிரதி கையில் இருக்கும். ஆனால் அசலைப் பத்திரமாக வையுங்கள், சரிபார்க்கும்போது அசலைத்தான் கேட்பார்கள். இந்த வேலையெல்லாம் வருஷத்துக்கு இரண்டு மூன்று நாள். அதுதான் உங்கள் ஐந்தொகை. போட்டு முடித்தால் பேரேட்டை மூடிவிடுங்கள். மற்ற நாளெல்லாம் விளையாட்டு.

போட்டிக்கு முந்தைய ஒரு மாதம் கடுமையாகத்தான் பழக வேண்டியிருக்கும். ஆசான் சொன்ன எண்ணிக்கை முடியாமல் வீட்டுக்குப் போக முடியாது. நானும் அப்படித்தான் பழகுகிறேன். அந்த மாதத்தைத் தாங்குகிற பலம் எங்கிருந்து வருகிறது தெரியுமா? மீதிப் பதினோரு மாதம் ஆசையாக விளையாடினோமே, அதிலிருந்துதான்.

இன்றோடு பயிற்சி முடிகிறது, பள்ளிக்கூடம் திறக்கப்போகிறது. பாடம், டியூஷன் என்று நேரம் சுருங்கும். எல்லா நாளும் வர முடியாமல் போகலாம். வருகிற நாள் வாருங்கள். வரும்போது போனை வீட்டில் சார்ஜில் போட்டுவிட்டு, கம்பையும் ஒரு பாட்டில் தண்ணீரையும் மட்டும் எடுத்து வாருங்கள். கூடவே பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒன்றைக் கூட்டி வாருங்கள், காலடி நான் சொல்லித்தருகிறேன்.